காலி இடத்தில் என்ன எழுதுவது?

வணக்கம். வங்கிகளுக்கான மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் சில வருடங்களாகப் புரோகிராமராக இருக்கிறேன். தொற்றுநோய் ஆராய்ச்சிக் குழு ஒன்றில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (மரபணுத் தகவலைக் கணினியில் அலசும்) வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். நான் பள்ளியோடு உயிரியலை விட்டவன். ‘எல்லாத்துக்கும் டூல் இருக்கு, ஓட்டிவிட்டால் போதும்’ என்கிறான் நண்பன். அப்படியானால் அங்கே எனக்கு என்ன வேலை?

க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் சீக்வென்சர் கருவியிலிருந்து வரும் ஃபைலை எடுத்து, தரமில்லாத துண்டுகளைக் கழித்து, ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் மரபணுத்தொகுதியோடு பொருத்தி, எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று பட்டியலிட நல்ல டூல்கள் இருக்கின்றன. பெரும்பாலும் இலவசம். அவற்றை நெக்ஸ்ட்ஃப்ளோ, ஸ்னேக்மேக் போன்ற ஒன்றில் கோத்து ஓடவிடுவதைச் சீக்கிரமே பழகிவிடுவீர்கள். அசல் வேலை அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

கொரோனா வைரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மரபணுத்தொகுதி சுமார் 29,900 எழுத்துகள். நோயாளியின் மாதிரியில் வைரஸ் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்பதால், ஏறக்குறைய 400 எழுத்து நீளத் துண்டுகளாகப் பெருக்கித்தான் பல ஆய்வகங்கள் படித்தன. ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி மரபணுத் துண்டு) ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்திலேயே வைரஸ் மாறியிருந்தால் அந்தத் துண்டு சரியாகப் பெருகாது; அங்கே படிக்க ஒன்றும் இருக்காது. அந்தக் காலி இடத்தில் உங்கள் புரோகிராம் என்ன எழுதும்? ‘N’ என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும். தெரியவில்லை என்று அர்த்தம். ரெஃபரன்ஸில் இருக்கும் எழுத்தையே போட்டு நிரப்பிவிட்டால் போச்சு. 2021-இல் டெல்டா வகையில், ஸ்பைக் புரதத்தின் 142-ஆவது இடத்து மாற்றம் சில மாதிரிகளில் இருந்தது, சிலவற்றில் காணவில்லை. வைரஸ் அதைத் திரும்பத் திரும்ப இழந்து பெறுவதுபோல் வம்ச மரத்தில் தெரிந்தது. கடைசியில் பார்த்தால், அந்தத் துண்டு ஒழுங்காகப் பெருகாததுதான் காரணம்.

இதைப் புரிந்துகொள்ள உயிரியல் பட்டம் எதற்கு? கணக்கில் பூஜ்யம் இருப்பதும் தகவலே வராமல் இருப்பதும் ஒன்றல்ல என்று வங்கிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ‘எந்த பிரைமர் தொகுப்பை உபயோகித்தீர்கள்?’ என்று ஆய்வகத்தில் இருப்பவர்களிடம் கூச்சப்படாமல் போய்க் கேட்க வேண்டும். பிரைமரும், துண்டுகளைப் பெருக்கும் முறையான பிசிஆரும் என்னவென்று தெரியாமல் அந்தக் கேள்வி வாயில் வராது. அவ்வளவு உயிரியல் கட்டாயம் வேண்டும்.

காசநோயில் இது இன்னும் வினை. கிருமியின் மரபணுத்தொகுதி 44 லட்சம் எழுத்து. ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்காமல் போகச் செய்யும் மாற்றங்களில் பெரும்பாலானவை ‘ஆர்பிஓபி’ மரபணுவின் 81 எழுத்துப் பகுதிக்குள் இருக்கின்றன. அந்த இடம் சரியாகப் படிக்கப்படாத மாதிரிக்கு ‘மாற்றம் இல்லை’ என்று அறிக்கை போனால், ‘மருந்து கேட்கும்’ என்றுதான் மருத்துவர் எடுத்துக்கொள்வார். கேட்காத மாத்திரையை நோயாளி மாதக்கணக்கில் விழுங்க நேரலாம்.

மற்றபடி, நாளில் பெரும்பகுதியை எக்செல் தாள்கள் தின்றுவிடும். 03/04/2021 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். ஒரு ஃபைல் வகை இடங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும், இன்னொன்று ஒன்றிலிருந்து. இதெல்லாம் எரிச்சல்தான், பழகிவிடும்.

சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறையலாம். இத்தகைய பணியிடங்கள் பலவும் ஆராய்ச்சி நிதி இருக்கும்வரைதான். ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். படிக்க முடியாத இடங்களை அறிக்கையில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். அதற்குச் சட்டென்று பதில் வந்தால் தைரியமாகச் சேரலாம்.