வெளிநாட்டில் படிக்கப் போகும் யூதத் தோழிக்கு அங்கே தன் ஆட்கள் கிடைப்பார்களா?

கேட்டிருப்பது இதுதான்: "என்னோடு ஐரோப்பாவில் முதுகலை படிக்க வரும் தோழி யூதப் பெண். தெரியாத ஊரில் தன் சமூகம் கிடைக்குமா, படிக்கிற காலத்தைச் சந்தோஷமாகக் கழிக்க முடியுமா என்று கவலைப்படுகிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

கண்டிப்பாகக் கிடைப்பார்கள். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக, வெள்ளிக்கிழமை ராத்திரி யார் வீட்டிலாவது சாப்பிட ஓர் இடம் கேட்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அந்த மேசையிலிருந்து தானாக வரும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கும் என் அறைத்தோழிக்கும் மூன்று வாரம் ஆனது.

நான் நாகர்கோவில்காரி. ஹங்கேரி அரசின் உதவித்தொகையில் 2022 ஆகஸ்ட் கடைசியில் புடாபெஸ்ட்டுக்குப் படிக்கப் போனேன். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டவள் புவெனஸ் அயர்ஸிலிருந்து வந்த யூதப் பெண். அப்பா வழியில் போலந்து, அம்மா வழியில் சிரியாவின் அலெப்போ. எனக்கோ பஸ்கா, மன்னா, ஜெப ஆலயம் எல்லாம் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வார்த்தைகள்தான். அவற்றை அன்றாடம் வாழ்கிற ஒருத்தியோடு ஒரே சமையலறையைப் பகிர்ந்தது அதுவே முதல் தடவை.

முதல் வாரம் அவள் டோஹான் தெருவின் பெரிய ஜெப ஆலயத்துக்குப் போனாள். 1859இல் கட்டி முடித்தது, சுமார் 3,000 பேர் உட்காரலாம், ஐரோப்பாவிலேயே பெரியது. ஆனால் பகலில் அது சுற்றுலாப் பயணிகள் சீட்டு வாங்கிப் பார்க்கும் இடம். தோட்டத்தில் 1944-45 குளிர்காலத்தில் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ என்ற பேட்டைக்குள் இறந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் புதைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து, "இங்கே எங்கள் ஆட்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள் மாதிரி இருக்கிறது, உயிரோடு இருப்பவர்கள் எங்கே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு வழிபாட்டு இடத்துக்குத் தனியாகக் கிளம்பினாள். வாசலில் காவலர் பாஸ்போர்ட் கேட்டார். அது வீட்டில் இருந்தது. இங்கே உனக்கு யாரைத் தெரியும் என்றார். ஒருவரையும் தெரியாது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிராமில் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். அன்றைக்கு நான் வைத்த ரசத்தை இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டாள்.

அவர்கள் செய்ததில் தப்பில்லை என்று பிறகுதான் புரிந்தது. ஐரோப்பாவில் ஜெப ஆலயங்களும் யூதப் பள்ளிகளும் தாக்கப்பட்டிருக்கின்றன, அதனால் முன்பின் தெரியாத முகத்தை அப்படியே உள்ளே விட மாட்டார்கள். எனவே உங்கள் தோழி கிளம்பும் முன்பே மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். நான் யார், எந்த ஊர், அங்கே எந்தச் சபைக்குப் போவேன், இங்கே என்ன படிக்கிறேன், எந்த வெள்ளிக்கிழமை வரலாம் என்று நாலு வரி போதும். சொந்த ஊர் ரப்பியிடமிருந்து, அதாவது யூத மதகுருவிடமிருந்து, ஒரு கடிதமும் இருந்தால் இன்னும் நல்லது. என் தோழியின் ரப்பி ஸ்பானிஷில் எழுதிக் கொடுத்தார். அதை இணைத்து அனுப்பிய மறுநாளே பதில் வந்தது: இந்த வெள்ளிக்கிழமை வா, சாப்பாட்டுக்கும் இரு, கூட யாராவது வருவார்களா?

அந்தக் "கூட யாராவது" நான்.

தொழுகை முடிந்ததும் ஒரு பாட்டி எங்களை வீட்டுக்கு அழைத்துப் போனார். நான்காவது மாடி, லிஃப்ட்டைத் தொடாமல் ஏறினோம். வெள்ளி மாலை சூரியன் விழுவதிலிருந்து சனி இரவுவரை அவர்களுக்கு ஓய்வுநாள், மின்சாரப் பொத்தானை அழுத்தமாட்டார்கள். மேசையில் இரண்டு பின்னல் ரொட்டிகள் தையல் வேலை செய்த ஒரு துணிக்கு அடியில் இருந்தன. ஏன் இரண்டு என்று கேட்டேன். வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னா என்ற உணவு வெள்ளிக்கிழமை மட்டும் இரட்டிப்பாக விழுந்ததே, அதற்காக என்றார்கள். ஞாயிறு பள்ளியில் நான் ஒப்பித்த கதை ரொட்டியாக எதிரில் இருந்தது. அப்புறம் எல்லோரும் வரிசையாகப் போய், இரண்டு பிடி வைத்த சொம்பு மாதிரி ஒரு பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு கையில் ஊற்றிக்கொண்டார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நன்றி சொன்னேன், பாட்டி தலையை மட்டும் அசைத்தார். கை கழுவியதிலிருந்து ரொட்டிக்கு ஆசி சொல்லி ஒரு துண்டு வாயில் போடும்வரை பேசக்கூடாதாம். பத்துப் பன்னிரண்டு பேர், அரை நிமிஷ மௌனம், பாத்ரூம் குழாய் சொட்டும் சத்தம் மட்டும். ரொட்டியைப் பிய்த்து, உப்பில் தொட்டு, கைக்குக் கை கொடுத்தார்கள். அதோடு வீடே பேச ஆரம்பித்தது.

என் தோழியின் முகம் அன்றுதான் மலர்ந்தது. மேசையில் பாதிப்பேர் வெளியூர் மாணவர்கள். பாட்டுகளின் ராகம் அவள் ஊர் ராகம் இல்லை, ஆனால் வார்த்தைகள் அதே வார்த்தைகள். ஹங்கேரிய மொழியில் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாதவள், அந்தப் பாட்டுகளை எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

என்னையும் விடவில்லை. இந்தியாவா, கொச்சியா என்று பாட்டி கேட்டார். அங்கே 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன் என்றதும் தரையில் பதித்த சீன ஓடுகள் எப்படி இருக்கும் என்று துருவித் துருவிக் கேட்டார். மொழியியல் படிக்கும் பையன் ஒருவன் வேறொன்று சொன்னான். சாலமோன் ராஜாவின் கப்பல்கள் கொண்டுவந்தவற்றில் 'துக்கிய்யீம்' என்று ஒன்று வேதத்தில் வருகிறது. மயில் என்று பொருள் சொல்வார்கள். அது தமிழின் 'தோகை'யிலிருந்து போன சொல் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்களாம். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. ஒன்றாம் ராஜாக்கள் புத்தகத்தில் மயில்கள் என்று நானே எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், அதற்குள் எங்கள் சொல் ஒன்று ஒளிந்திருக்கக்கூடும் என்று புடாபெஸ்ட்டில் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது.

காலம் பற்றி ஒன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் வகுப்பு தொடங்குவது செப்டம்பரில் அல்லது அக்டோபரில். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவும் அதே சமயத்தில்தான் வரும். அதன் பத்தாம் நாள் யோம் கிப்பூர் நோன்பு, அது கழிந்து ஐந்தாம் நாள் கூடாரப் பண்டிகை. புதிதாக வந்தவளுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. மூன்று வாரத்துக்குள் ஊரில் உள்ள அத்தனை யூதர்களும் ஏதாவது ஓர் இடத்தில் கூடுகிறார்கள், ஒவ்வொரு வீட்டிலும் விருந்தாளிக்கு இடம் உண்டு. முதலில் படிப்பு ஒழுங்காகட்டும், பிறகு சமூகத்தைத் தேடலாம் என்று அவள் தள்ளிப்போட்டால், அடுத்த நல்ல சந்தர்ப்பம் டிசம்பர் வாக்கில் ஹனுக்கா என்ற விளக்குப் பண்டிகையில்தான். அதற்குள் இலையெல்லாம் உதிர்ந்து இருட்டும் குளிரும் வந்துவிடும், தனிமை பிடித்துக்கொள்ளும்.

எந்தச் சபை தனக்கு ஒத்துவரும் என்பதை அவள்தான் போய்ப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். புடாபெஸ்ட்டில் பெரும்பான்மையோர் நியோலாக் என்ற ஹங்கேரிய மரபினர். காஸின்ட்சி தெருவில் 1913இல் கட்டிய ஜெப ஆலயம், பழைய முறையை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தோடக்ஸ் மரபினருடையது. சிம் ஷாலோம், பேத் ஓரிம் இரண்டும் சீர்திருத்த மரபுச் சபைகள், சின்னவை. பொதுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். ஆர்த்தோடக்ஸ் முறையில் அந்தப் பத்தும் ஆண்கள்தான். தன் ஊர்ச் சபையில் பத்தில் ஒருத்தியாக எண்ணப்பட்டுப் பழகிய என் தோழிக்கு அங்கே பெண்களுக்கான மேல்மாடத்தில் உட்கார்ந்து கீழே பார்ப்பது வலித்தது. அதனால் தொழுகைக்குச் சின்னச் சபை, சாப்பாட்டுக்குப் பாட்டி வீடு, சினிமாவுக்கும் பேச்சுக் கூட்டங்களுக்கும் ஆபெரா அரங்கத்துக்குப் பக்கத்திலுள்ள பாலிந்த் ஹாஸ் என்ற யூத சமூக மையம் என்று பிரித்துக்கொண்டாள். அப்படிப் பிரித்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை.

வேறு ஊர் என்றால், பிரிட்டனில் ஏறக்குறைய எல்லாப் பெரிய பல்கலைக்கழகங்களிலும் யூத மாணவர் சங்கம் இருக்கும். 1923இல் அமெரிக்காவில் ஆரம்பித்த ஹில்லெல் என்ற யூத மாணவர் அமைப்பு வேறு பல நாடுகளிலும் இருக்கிறது. கபாத் என்ற யூத மத இயக்கம் நடத்தும் இல்லங்கள் உலகம் முழுக்க உண்டு, எவ்வளவு அனுசரிக்கிறாய் என்று கேட்காமல் சாப்பாடு போடுவார்கள். இளைஞர்கள் சேர்ந்து குடியிருந்து மற்றவர்களை அழைத்து விருந்து வைக்கும் வீடுகள் மொய்ஷே ஹவுஸ் என்ற பெயரில் 2006இல் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவின.

படிப்பில் உரசல் வரும் இடம் குளிர்கால வெள்ளிக்கிழமை. டிசம்பரில் புடாபெஸ்ட்டில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். ஓய்வுநாள் மெழுகுவர்த்தியை அதற்கும் பதினெட்டு நிமிஷம் முன்னால் ஏற்ற வேண்டும். என் தோழிக்கோ நாலு மணிவரை ஆய்வக வகுப்பு. தயங்கித் தயங்கிப் பேராசிரியரிடம் சொன்னாள், அவர் செவ்வாய்க்கிழமைக் குழுவுக்கு மாற்றிவிட்டார். எங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்வுக்குப் பல தேதிகள் தருவார்கள், நாமே எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமையைத் தவிர்ப்பது கஷ்டமாக இல்லை. எல்லா இடத்திலும் இப்படி இருக்காது, அதனால் பருவம் தொடங்கிய முதல் வாரமே பேசிவிடுவது நல்லது.

சந்தோஷமாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். குளிர்காலத்தில் ஓய்வுநாள் சனி மாலை ஐந்து மணி வாக்கில் முடிந்துவிடும், ராத்திரி முழுக்க நம்முடையது. முடித்து வைக்க ஹவ்தாலா என்று ஒரு சடங்கு. பின்னல் மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணம் திராட்சைரசம், முகர்ந்து பார்க்க வாசனைப் பொருள். முறையாக அதற்கென்று ஒரு சின்ன வெள்ளிப் பெட்டி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா கொடுத்துவிட்ட அஞ்சறைப்பெட்டிதான் அந்தப் பெட்டி. கிராம்பும் ஏலக்காயும் கைமாறிக் கைமாறி வரும், ஒவ்வொருவரும் கண்ணை மூடி முகர்வார்கள். மெழுகுவர்த்தியைத் திராட்சைரசத்தில் முக்கி அணைத்ததும் எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம். செசெனி வெந்நீர்க் குளத்தில் பனி கொட்டக் கொட்ட நீந்தியிருக்கிறோம். இரண்டாம் எண் டிராமில் தான்யூப் கரையோரம் சும்மாவே போய்வந்திருக்கிறோம். பழைய யூதப் பேட்டை இப்போது கேளிக்கை விடுதிகள் நிறைந்த இடம். கெட்டோவாக அடைபட்டிருந்த தெருக்களில் பாட்டும் கூத்துமா என்று எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது. பாட்டிதான் சொன்னார், "இந்தத் தெருவில் நான் பயந்து ஓடியிருக்கிறேன். நீங்கள் சிரித்துக்கொண்டு நடங்கள்." கசகசா, ஆப்பிள், வால்நட், பிளம் ஜாம் என்று அடுக்கிச் செய்யும் ஃப்ளோத்னி கேக் வாங்க ஆளுக்குக் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்பினார்.

பயம் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. காசா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு அவள் வேறு நாடுகளுக்குப் பயணம் போகும்போது நட்சத்திர டாலரைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். வகுப்பில் யாராவது இஸ்ரேல் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை மேசையிலும் கருத்து வேறுபாடு இருந்தது, குரல் உயர்ந்த நாளும் உண்டு. ஆனால் அங்கே யாரும் அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. அந்த இரண்டு மணி நேரம் அவளுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைக் கூட இருந்து பார்த்தேன். உங்கள் தோழியிடம் நீங்களும் அந்தப் பேச்சை முதலில் எடுக்காதீர்கள், அவளாகச் சொல்லும்போது கேளுங்கள். கூப்பிட்டால் கூடப் போங்கள். ஓய்வுநாளில் அங்கே போனை வெளியே எடுக்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள்.

2023 ஏப்ரலில் பஸ்கா வந்தது, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பண்டிகை. எட்டு நாள் புளித்த மாவு கூடாது. போலந்து வழி யூதர்கள் அரிசியையும் தொடமாட்டார்கள், அலெப்போ வழியில் அரிசி உண்டு. இரண்டு வழியும் கலந்த என் தோழி அம்மா வழியைத்தான் பிடித்துக்கொண்டாள், எனக்கு நிம்மதி. ஆனால் அரிசிக்குள் ஒரு கோதுமை மணிகூட இருக்கக்கூடாது என்று மூன்று தடவை பொறுக்கிப் பார்க்க வேண்டும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஒரு கிலோ அரிசியைப் பரப்பினோம். முறம் இல்லை, தட்டிலேயே போட்டுப் புடைத்துக் காட்டினேன். கல் பொறுக்கிப் பழகிய கை எனக்கு, அவளைவிட வேகமாகப் போனது. அவள் வீடியோவில் அலெப்போப் பாட்டியைக் கூப்பிட்டு என் கையைக் காட்டினாள். பாட்டி ஸ்பானிஷில் ஏதோ சொல்லிக் கையை ஆட்டினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"மூன்றாவது தடவையை நீ செய்யணுமாம். என்னை நம்பமாட்டாராம்."