அப்பாவின் காளான் உறை

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரம் வீட்டை ஒதுங்கவைக்கும்போது அப்பாவின் மரப்பெட்டியில் பழுப்புக் காகித உறைகள் கிடைத்தன. அப்பா தாவரவியல் ஆசிரியர். ஓர் உறையில் மரச்செதிலோடு ஒட்டிய ஆரஞ்சுப் பொருக்கு, சுண்டுவிரல் நகமளவுகூட இல்லை. மேலே ஆங்கிலத்தில், 'கெபினியா ஸ்பதுலேரியா, குற்றாலம், ஐந்தருவி வழி, திருநெல்வேலி மாவட்டம், மாங்கட்டை, 18-7-1974, பச்சையில் மஞ்சள்' என்று அப்பா கையெழுத்து. பச்சையில் என்றால் காய்வதற்கு முன். தண்ணீரில் போட்டால் பழையபடி உப்பும் என்கிறார்கள். போட்டுப் பார்க்கலாமா? பெயரும் மாவட்டமும் மாறிவிட்டனவே, திருத்தி எழுதட்டுமா?

வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

தண்ணீரில் போடாதீர்கள். உப்பும் என்பது நிஜம்தான். உங்கள் அப்பா எடுத்துவைத்தது கூழ்க்காளான், ஜெல்லிபோல இருக்கும் வகை. அதன் உடம்பில் பெரும்பகுதி நீர். மரத்தில் இருக்கும்போதே வெயிலுக்குச் சுருங்கி மழைக்கு விரியும். ஆனால் இத்தனை வருடம் காய்ந்து கிடந்ததை முழுசாக நனைத்தால் பூசணம் பிடித்துவிடும். ஆய்வாளர்கள் குண்டூசித் தலையளவு மட்டும் கிள்ளி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வித்துகளைத் தாங்கும் செல் கவட்டைபோல இரண்டாகப் பிரிந்திருந்தால் உங்கள் அப்பா சொன்ன குடும்பம். இன்னொரு கூழ்க்காளானான மரக்காதுக் காளானில் அதே செல் குறுக்குத் தடுப்புகளோடு குழல்போல இருக்கும்.

எழுத்தில் கை வைக்கவே வேண்டாம். 1948இல் மார்ட்டின் என்பவர் இதை டாக்ரியோபினாக்ஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார். பழைய பெயரும் புழக்கத்தில் இருந்தது, அப்பா அதை எழுதியிருக்கிறார். குற்றாலம் தென்காசி மாவட்டத்துக்குப் போனது 2019இல்தான். புதுப் பெயர், புது மாவட்டம், எழுதியவர், எழுதிய தேதி எல்லாவற்றையும் தனித் துண்டுச்சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.

எனக்கு உறைமேல் அப்பா எழுதிய அந்த ஒரு வரிதான் பெரிது. 'செத்த மரத்தில்' என்று மட்டும் எழுதி முடித்த உறைகளைப் பார்த்து நொந்திருக்கிறேன். காளான் தின்பது அந்த மரத்தை. எந்த மரம் என்று தெரியாவிட்டால் பாதிக் கதை போயிற்று. உங்கள் அப்பா மாங்கட்டை என்று எழுதி, செதிலையும் சேர்த்தே எடுத்துவைத்திருக்கிறார். ஜூலை 18 என்றால் குற்றாலத்தில் சாரல் காலம். அதே நாட்களில் பாளையங்கோட்டைப் பக்கம் வறண்ட காற்றுதான் அடிக்கும், அங்கே ஐப்பசி கார்த்திகையில்தான் மழை. மாதம் எழுதாமல் விட்டிருந்தால் எந்த மழைக்கு முளைத்தது என்பதே தெரிந்திருக்காது. 'பச்சையில் மஞ்சள்' என்ற இரண்டு சொல்லை அன்றைக்கே எழுதியிருக்கிறாரே, அதற்கு அவரைக் கும்பிட வேண்டும். காய்ந்தால் நிறம் மாறிவிடும், பிறகு எந்தக் கருவியாலும் அன்றைய நிறத்தைச் சொல்ல முடியாது.

உறையைப் பிரிக்காமல் பாலிதீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி ஒரு வாரம் ஃபிரீசரில் வையுங்கள், பூச்சி சாகும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். குளிர் முழுசாகத் தணியட்டும், இல்லாவிட்டால் காகிதம் வேர்த்து நனைந்துவிடும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

இன்னொன்று. உறை மூலையில் ஏதாவது எண் இருக்கிறதா? இருந்தால் அதே எண் போட்ட களக்குறிப்பு நோட்டு ஒன்றும் அந்த வீட்டில் இருக்கும். பழைய பேப்பர்காரரிடம் எதையும் போடுவதற்கு முன் அதைத் தேடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி