பதில்: டேப்லெட்டைத் தொட மறுக்கும் சீனியர் அக்காக்கள்

வணக்கம் சகோ. மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும்போது எழுதும் குறிப்பைத் தாளிலிருந்து டேப்லெட்டுக்கு மாற்றியும், சீனியர் அக்காக்கள் அதைத் தொடவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது பிடிவாதம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. "மூன்றாம் மெஷின் சூடானால் சத்தம் வரும்" என்று தாளின் ஓரத்தில் எழுதலாம். பல திரைகளில் அதற்கு இடமே இருக்காது.

எல்லோரும் மதிக்கும் ஓர் அக்காவோடு, பழைய நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருங்கள். எதை எழுதுவார், ஏன் எழுதுவார் என்று கேளுங்கள். அவர் சொல்வது சீக்கிரமே திரையில் வர வேண்டும், மேலாளரிடம் மல்லுக்கட்டியாவது. தன் பேச்சு எடுபட்டது தெரிந்தால் மற்றவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுப்பார். திரை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் மலாயும் கேளுங்கள். யார் பதியவில்லை என்று பலகையில் பெயர் ஒட்டுவதை இன்றே நிறுத்துங்கள். அவமானப்பட்டவர் மெஷின் கோளாறையும் சொல்ல மாட்டார்.

அப்புறம், டேப்லெட் பயிற்சியை ஷிப்ட் முடிந்த பிறகு வைப்பது சரியில்லை. 2023 ஜனவரி முதல் வேலை நேரம் சட்டப்படி வாரத்துக்கு 45 மணிதான். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு ஓவர்டைம் என்றால் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். இதை எச்.ஆரிடம் எடுத்துச் சொல்லி, வேலை நேரத்துக்குள்ளேயே பயிற்சியை வைக்கக் கேளுங்கள்.