உயில் எழுதாமல் இறந்தவரின் ஈமச் செலவு யார் தலையில்?

கேள்வி: பெரியப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஓடியாடி எல்லாம் செய்தது நான்தான், பில்லும் என் பெயரில். இந்தப் பணம் போனது போனதுதானா சார்?

பதில்: இல்லை, திரும்பக் கேட்கலாம். ஆனால் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும். ஏற்பாடு செய்த நிறுவனத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்தான் கடனாளி. நீங்கள் வாரிசா இல்லையா என்பது அவர்களுக்குத் தேவையில்லை. அதை உங்களுக்கு ஈடுகட்ட வேண்டியது பெரியப்பா விட்டுச்சென்ற சொத்து. உயில் இல்லாததால் நிறைவேற்றுநர், அதாவது உயிலில் சொன்னபடி செய்ய நியமிக்கப்பட்டவர், என்று யாரும் இருக்க மாட்டார். நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகியிடமோ சொத்தைப் பெறும் வாரிசுகளிடமோ கேட்க வேண்டும். அதனால் ரசீதுகள் முக்கியம். துக்க வீட்டில் ரசீது கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சொத்தைவிடக் கடன் அதிகம். கடன்காரர்கள் எடுத்தது போக மிச்சத்தில்தான் ஈமச் செலவா?

பதில்: நேர்மாறு. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, பிரிவு 320-ன்படி நியாயமான ஈமச் செலவும், இறப்புக்கு முந்தைய ஒரு மாத மருத்துவச் செலவும் மற்ற கடன்களுக்கு முன்னால் வருகின்றன. அடமானத்தில் இருக்கும் வீடு மட்டும் வேறு கதை, அடமானம் பிடித்தவரின் உரிமை அதன்மேல் அப்படியே இருக்கும்.

கேள்வி: அண்ணன் யாரையும் கேட்காமல் தடபுடலாகச் செய்துவிட்டு இப்போது பங்கு கேட்கிறார்.

பதில்: ‘நியாயமான’ என்ற சொல்லில்தான் சண்டையே வரும். இறந்தவரின் அந்தஸ்துக்கும் சொத்துக்கும் பொருந்துகிற அளவைத்தான் சொத்திலிருந்து கழிக்கலாம். அதற்கு மேல் போனது அண்ணனின் பாசம், அவர் கணக்கு. நீங்கள் சம்மதித்து வாட்ஸ்அப்பில் ‘சரி’ என்று போட்டிருந்தால் மட்டும் என்னிடம் கொஞ்சம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவின் ஏடிஎம் கார்டு என்னிடம் இருக்கிறது. எடுத்துச் செலவு செய்யலாமா?

பதில்: வேண்டாம். நல்ல எண்ணத்தில் எடுத்தாலும் நாளை மற்ற வாரிசுகள் கேட்டால் பதில் சொல்ல முடியாது. பில்லோடு வங்கியைப் பாருங்கள். இங்கிலாந்தில் வங்கிகள் முடக்கிய கணக்கிலிருந்தே ஈமச் செலவு பில்லை நேரடியாகக் கட்டுவது வழக்கம்.

கேள்வி: இருபது வருடமாகப் பேசாத அப்பா. நான் கட்டியே ஆக வேண்டுமா?

பதில்: நாட்டைப் பொறுத்தது. பிரான்சில் வாரிசுரிமை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாலும், சிவில் சட்டம் 806-ன்படி பெற்றோரின் ஈமச் செலவில் வசதிக்கேற்பப் பங்கு தர வேண்டும். ஜெர்மனியில் வாரிசின் பொறுப்பு. இங்கிலாந்தில் யாரும் முன்வராவிட்டால் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி செய்யும், செலவை அவர் சொத்திலிருந்து வசூலிக்கும். அப்பா எந்த நாட்டில் இறந்தார்?