எல்லோரும் 'அட்லஸ்' என்கிறார்களே, நானும் வைக்கலாமா?

கேள்வி: சேலத்தில் இரும்பு பீரோ செய்து விற்கிறோம். பூமியைத் தோளில் தூக்கி நிற்கும் வீரன் படத்தோடு 'அட்லஸ்' என்று பெயர் வைக்க ஆசை. சைக்கிள், கம்ப்ரசர் எல்லாம் அந்தப் பெயரில் வருகின்றன. வழக்கு வருமா?

பதில்: கிரேக்கப் புராணத்து அட்லஸ் யாருக்கும் சொந்தமில்லை. சனிக் கோளின் ஒரு நிலவுக்கும், மொராக்கோ பக்கத்து மலைத்தொடருக்கும், உங்கள் கழுத்தின் முதல் எலும்புக்கும் அவர் பெயர்தான். வியாபாரத்தில் மட்டும் பெயர் சரக்கோடு ஒட்டிக்கொண்டது. ட்ரேட்மார்க் பதிவில் சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: சைக்கிள் 12ஆம் வகுப்பு, கம்ப்ரசர் 7ஆம் வகுப்பு. பீரோ இரும்பானாலும் மேஜை நாற்காலியோடு 20இல்தான் வரும். இரும்பு என்றதும் 6இல் போட்டுவிடும் ஏஜென்டுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. நகை வைக்கும் பணப்பெட்டகமும் செய்தால்தான் 6 வேண்டும்.

"அகராதியில் இருக்கிற சொல், யாரும் தடுக்க முடியாது" என்று உங்களிடம் ஒருவர் சொல்வார். நம்பாதீர்கள். 1595இல் நிலப்படம் வரையும் வல்லுநர் மெர்கேட்டரின் நிலப்படத் தொகுப்பு 'அட்லஸ்' என்ற பெயரில் வந்தது. நாளடைவில் நிலப்படப் புத்தகத்துக்கே அது பொதுப்பெயராகிவிட்டது. ஆகவே நிலப்படம் அச்சிடுபவர் அந்தச் சொல்லைத் தனக்கு மட்டும் என்று கேட்க முடியாது. 'பீரோ' என்ற சொல்லை நீங்கள் கேட்க முடியாதே, அதுபோல. ஆனால் பீரோவின் மேல் 'அட்லஸ்' பொதுச்சொல் அல்ல, தனிப்பெயர். 20இல் வேறொருவர் முன்பே பதிந்திருந்தால் உங்களைத் தடுக்கலாம்.

அதனால் பெயர்ப்பலகை அடிக்கும் முன் ட்ரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் தேடுங்கள்; காசு கிடையாது. எழுத்துக்கூட்டல் மாறியவையும் சிக்க, ஒலி ஒற்றுமைத் தேடலையும் போடுங்கள்.

"24 மணி நேரத்தில் ட்ரேட்மார்க்" என்று விளம்பரம் செய்பவர் கையில் கொடுப்பது விண்ணப்ப எண் மட்டுமே. அதை வைத்து, பதிவாகிவிட்டது என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் (®) போட்டால் சட்டப்படி தவறு. ஜிஎஸ்டி பதிவும் பெயருக்குப் பாதுகாப்பு ஆகாது. தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். அதற்கு மேல் கேட்பது ஏஜென்டின் கூலி. விண்ணப்பம் ஏற்கப்பட்டு பதிவகத்தின் ட்ரேட்மார்க் இதழில் வெளியானதும் எதிர்ப்புக்கு 4 மாத அவகாசம். யாராவது எதிர்த்துவிட்டால் எத்தனை வருடம் என்று என்னைக் கேட்காதீர்கள். சென்னை கிண்டியில் இருக்கும் ட்ரேட்மார்க் அலுவலகப் படிக்கட்டைத்தான் கேட்க வேண்டும்.

படம் பற்றி ஒன்று. அட்லஸ் சுமந்தது பூமியை அல்ல, வானத்தை. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துப் பழைய சிலையில் அவர் தோளில் இருக்கும் உருண்டை முழுக்க நட்சத்திரக் கூட்டங்கள். உங்கள் வீரனுக்கும் அதையே வரையச் சொல்லுங்கள். பூமி உருண்டை லோகோக்களுக்கு நடுவில் உங்களுடையது தனியாகத் தெரியும்.