கேள்வி – பதில்: லைட்சேபர் கைப்பிடிக்கு அளவு எங்கே எடுப்பது?

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தில் லூக் ஸ்கைவாக்கர் வைத்திருக்கும் லைட்சேபர் என்கிற ஒளிவாளின் கைப்பிடியை அச்சு அசலாகச் செய்ய ஆசை, சார். கிடைத்த 3டி கோப்புகளில் குழாயின் வெளிவிட்டம் ஒன்றில் 32 மி.மீ., இன்னொன்றில் 35, மற்றொன்றில் 38. எதை நம்புவது?

பதில்: கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, அசல் பொருள் என்ன என்று பாருங்கள். அது படத்துக்காகப் புதிதாகக் கடைந்த கைப்பிடி அல்ல. 1977-ல் வெளியான அந்தப் படத்தின் செட் டெக்கரேட்டர் ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு போட்டோ கடையில் கிடைத்த கிராஃப்ளெக்ஸ் என்ற கேமரா கம்பெனியின் பழைய ஃபிளாஷ் கைப்பிடியை எடுத்தார். அடியில் கறுப்பு ரப்பர் பட்டைகளை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினார். நடுவில் இருக்கும் கிளாம்ப்பில், கால்குலேட்டர் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்ப் பட்டை ஒன்றைச் செருகினார். பெல்ட்டில் தொங்கவிட ஒரு வளையம். அவ்வளவுதான்.

அந்த ஃபிளாஷ் கைப்பிடி வெறும் பேட்டரிக் குழாய். அந்தக் காலத்துப் பத்திரிகை போட்டோகிராஃபர்கள் பெரிய கேமராவின் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. உள்ளே மூன்று டி சைஸ் பேட்டரி, நாம் பெரிய டார்ச்சில் போடுகிறோமே, அதேதான். ஒன்றின் விட்டம் 34.2 மி.மீ., நீளம் 61.5 மி.மீ. வரை. மூன்றையும் வரிசையாக அடுக்கினால் 184.5 மி.மீ. ஆக, வெளிவிட்டம் 32 என்கிற கோப்பு கண்ணை மூடிக்கொண்டு தள்ளவேண்டியது. பேட்டரியே உள்ளே போகாது. 35 என்றால் தகட்டுக்கு ஒரு பக்கம் 0.4 மி.மீ.தான் மிஞ்சும், பேட்டரி சரிய இடைவெளியும் இல்லை. 38-ல் இடம் தாராளம், ஆனால் தாராளம் என்பதாலேயே சரி ஆகிவிடாது. அசல் வைத்திருக்கும் கேமரா சேகரிப்பாளர் யாரையாவது பிடித்து, கிளாம்ப்புக்குக் கீழே ஓரிடம், அடிமூடிக்குச் சற்று மேலே ஓரிடம் என்று வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். குழாய் அடிபட்டு நசுங்கியிருக்கலாம். அதனால் ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை.

மற்ற அளவுகளைப் படத்திலிருந்து எடுக்கலாம், கவனமாக. குழாயின் அகலம் தெரிந்துவிட்டால் அதுவே ஸ்கேல். உதாரணத்துக்கு 36 மி.மீ. அகலம் 180 பிக்ஸல் என்றால் ஒரு மி.மீ.க்கு 5 பிக்ஸல். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். குழாயின் இரு ஓரங்களும் அதன் மையக்கோட்டின் தூரத்தில் இருக்கின்றன. பட்டனோ ரப்பர் பட்டையோ கேமராவுக்கு ஏறக்குறைய 18 மி.மீ. கிட்டே இருக்கும். அரை மீட்டரில் எடுத்த படமானால் அது மட்டும் 500-ஐ 482-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 3.7 சதவீதம் பெரிதாகத் தெரியும். 13 மி.மீ. என்று கணக்கு வந்தால் உண்மையில் 12.5. தூரத்திலிருந்து ஜூம் செய்த படத்தில் இந்தப் பிழை குறையும்.

இன்னொன்று, எந்தப் படத்தின் கைப்பிடி என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 1980-ல் வந்த அடுத்த படத்தில் குமிழ்ப் பட்டை போய், சர்க்யூட் போர்டு துண்டு வந்துவிட்டது. இரண்டையும் கலந்தால் எந்தப் படத்துக்கும் சேராது.

பழைய கிராஃப்ளெக்ஸையே வாங்கி அதில் பட்டை ஒட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கேமராவோடு சேர்ந்திருக்க வேண்டியவை ஏற்கெனவே நிறைய இப்படிப் பிரிந்து போய்விட்டன. மறுதயாரிப்புக் குழாய்கள் கிடைக்கின்றன. லேத் பட்டறையில் பித்தளைக் குழாய் கடைந்தும் வாங்கலாம். முலாம் போடக் கொடுக்கும் முன்பே கண்ணாடி போலப் பாலிஷ் செய்துவிடுங்கள். குரோம் முலாம் கீறலை மறைக்காது, எடுத்துக் காட்டும்.

கேள்வி: ரப்பர் பட்டை ஒட்டிய மறுநாள் குரோம் மேல் வெள்ளையாகப் புகை படிந்தது போல் ஆகிவிட்டது. இரண்டு பட்டை கழன்றும் விட்டது.

பதில்: சூப்பர் க்ளூவின் ஆவி பக்கத்துப் பளபளப்பில் படிந்து உறைவதால் வருவது. அதிகமாகப் போட்டு, மூடிய அறையில் வைத்தால் கட்டாயம் வரும். பட்டையின் அடிப்பக்கத்தை 240 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, இரண்டு பரப்பையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய கோடாக மட்டும் விட்டு, ஃபேன் காற்றில் உலரவிடுங்கள். இடைவெளி சமமாக வர, குழாயைச் சுற்றி ஒரு காகித நாடா ஒட்டி வெட்டுங்கள். அதைப் பிரித்துப் பட்டைகளின் எண்ணிக்கைக்குச் சமமாக மடித்து, மடிப்பில் கோடு போட்டு, மறுபடி சுற்றிக்கொள்ளுங்கள். அடி ஸ்கேலால் வளைவில் அளந்தால் கடைசிப் பட்டைக்கு இடம் இடிக்கும்.

கேள்வி: குமிழ்ப் பட்டையை ரெசின் பிரிண்டரில் எடுத்து, அதன் மேல் மோல்டு எடுக்க பிளாட்டினம் சிலிக்கான் (பிளாட்டினம் சேர்மத்தால் உறையும் அச்சு ரப்பர்) ஊற்றினேன். பிரிண்டைத் தொடும் இடம் மட்டும் பிசுபிசு என்றே இருக்கிறது. மோல்டு வீணா?

பதில்: அந்த மோல்டு வீண்தான். பிரிண்டில் முழுதாகக் கெட்டியாகாத ரெசின் பிளாட்டினம் சிலிக்கானை உறையவிடாது. கந்தகம் கலந்த களிமண்ணும் லேட்டக்ஸ் கையுறையும்கூட இதே வேலையைச் செய்யும். பிரிண்டை ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தி, யுவி வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் காட்டி, அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே இரண்டு மூன்று மெல்லிய கோட் அடித்த பிறகு, ஒரு மூலையில் சொட்டு சிலிக்கான் வைத்துப் பாருங்கள். அது உறைந்தால்தான் முழுதாக ஊற்றலாம். இல்லையென்றால் வெள்ளீயச் சேர்மத்தால் உறையும் டின் சிலிக்கானுக்கு மாறிவிடுங்கள். நாளடைவில் சற்றுச் சுருங்கும், சின்னப் பட்டைக்கு அது பெரிய விஷயமில்லை.

மோல்டு தயாரானதும் அதில் குமிழ்ப் பட்டையை வார்க்க, மெதுவாக உறையும் கிளியர் எபாக்ஸி நல்லது. பாலியூரித்தேன் ரெசின் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து நுரைக்கும். மழைநாளில் குமிழுக்குள் குமிழாக வந்து நிற்கும். எபாக்ஸியின் இரண்டு பாகத்தையும் (ரெசின், ஹார்ட்னர்) 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்து, டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து, மோல்டின் ஒரு மூலையில் மட்டும் நூல் போல ஊற்றுங்கள். ரெசின் தானாகப் பரவி, காற்றை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும்.