ஃப்ரிட்டிலாரியா (மணி மாதிரி பூ தொங்கற ஒரு செடி) கிழங்கை தோட்டத்துல நடலாமா, தொட்டியில நடலாமா?

ரெண்டுலயும் வரும், ஆனா எந்த வகைன்னு பாத்துக்கோங்க, ஏன்னா பிரபலமான ரெண்டு வகையும், அதாவது இம்பீரியாலிஸும் மெலியாக்ரிஸும், குணத்துல நேர் எதிர்.

இம்பீரியாலிஸ் மூணு அடி வரைக்கும் வளரும், உச்சியில ஆரஞ்சு இல்லன்னா மஞ்சள் கலர்ல மணி மாதிரி பூ கொத்தா தொங்கும், அதுக்கும் மேல குடுமி மாதிரி இலை. கிழங்கு நல்ல பெருசு, பழைய தண்டு இருந்த எடத்துல ஒரு ஓட்டை இருக்கும், அதுல தண்ணி தேங்கினா அழுகிடும்னு நெறைய பேர் சாய்ச்சு வெச்சுதான் நடுவாங்க. 20 செ.மீ.க்கு மேல ஆழம் வேணும், தண்ணி வடியற மண்ணும் வெயிலும் வேணும், அதனால தோட்டம்தான் பெஸ்ட். ஒருமாதிரி நரி வாடை அடிக்கும், கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, அதோட வாசனையே அதான்!

மெலியாக்ரிஸ் ஒரு அடி உயரம்தான், இதழ்ல ஊதா கலர்ல செஸ் போர்டு கட்டம் போட்டிருக்கும், கிட்ட போய் பாத்தா யாரோ ஸ்கேல் வெச்சு வரைஞ்ச மாதிரி. தொட்டிக்கு என் சாய்ஸ் இதான். இதுக்கு ஈரம் புடிக்கும், குட்டிக் கிழங்கு சீக்கிரம் காஞ்சுடும், வாங்கின உடனே 10 செ.மீ. ஆழத்துல போட்டுடுங்க, அலமாரியில வெச்சு மறந்தீங்கன்னா முளைக்கறது சந்தேகம்தான்.

ரெண்டையுமே இலையுதிர் காலத்துல நடணும், குளிர்காலத்துல நல்லா குளிர் படணும், அதனால தொட்டிய வீட்டுக்குள்ள தூக்கி வெக்காதீங்க. சிவப்பு கலர்ல லில்லி வண்டு வந்தா கையாலயே பொறுக்கிடுங்க. பூ முடிஞ்சாலும் இலைய வெட்டாதீங்க, தானா மஞ்சளாகட்டும், அடுத்த வருஷ பூவுக்கு சாப்பாடு அதுலருந்துதான் கிழங்குக்குப் போகுது. கிழங்கு விஷம், குழந்தைங்க, நாய் இருந்தா உஷார்.